பக்கவாட்டில்

நாஹாவிலிருந்து தென்தீவுகளுக்குப் போகும் இரவுக் கப்பல்.
அடுப்பறையில் எனக்கென்று கிடைத்த அகலம் ஒன்றரைக் கை.
முன்னால் சூப்புக் கொப்பரை,
முதுகை உரசிக்கொண்டு கழுவுதொட்டி.
எவ்வளவு கோபம் வந்தாலும்
முன்னே ஓர் அடி வைக்க முடியாது,
பின்வாங்கவும் வழியில்லை.
நைஹான்ச்சி செய்ய இதைவிடத் தோதான இடம்
ஒக்கினாவா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

நெடுக ஒரே கோடு, நண்டின் பாதை.
பாதம் சேர்த்து, அடிவயிற்றின் முன் கைமேல் கை வைத்து
தலையை மட்டும் திருப்புகிறேன் அரிசி மூட்டைப் பக்கம்.
இடக்கால் வலக்காலைத் தாண்டிக் குறுக்கே விழ
வலக்கால் விலகி ஊன்ற
விரிந்த புறங்கை ஒன்றைத் தட்டி விலக்குகிறது.
எதை என்று கேட்காதீர்கள்.
அந்தக் கையைத் தேடியே வருகிறது மறு முழங்கை.
உள்ளங்கையில் அது மோதும் சத்தத்துக்கு
மேல்தட்டில் யாரும் விழித்ததில்லை.
பிறகு இரண்டு முட்டியும் இடுப்போரம்,
தட்டின்மேல் கோப்பைபோல், ஒன்றன்மேல் ஒன்று.
இடப்பக்கம் பார்வை, கீழ்நோக்கி ஒரு வெட்டு,
நெஞ்சுக்குக் குறுக்கே வளைந்து
பாதியில் நின்றுவிடும் குட்டைக் குத்து.

இது எங்கிருந்து வந்தது என்று
மாலுமிகளின் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு வருடத் தகராறு.

ஹெந்தோனாவுக்குக் கின் பக்கம் கொஞ்சம் நெல்வயல்.
வரப்பு என்பார். வரப்பில் மாட்டிக்கொண்டவன்
முன்னே போனாலும் சேறு, பின்னே போனாலும் சேறு.
கபிரா பழைய சிறைக் காவலர்.
சுவர், சுவரேதான், முதுகைக் காப்பாற்ற அதைவிட வேறென்ன?
என்ஜின் அறை செசோகோவுக்குச் சந்தேகமே இல்லை:
சீனத்துப் படகு, அதன் ஒடுங்கிய விளிம்பு.
டிக்கெட் கிழிக்கும் பையன் குதிரை என்றான்.
அவன் குதிரையைப் பார்த்தது படத்தில்.

எழுதிவைத்த தாள் ஒன்று இருந்ததாம்,
போரில் எரிந்துபோனதாம்.
யார் வீட்டில் எரிந்தது என்பதற்கு மட்டும்
ஆளுக்கொரு விலாசம்.

என்னைக் கேட்டால்:
பள்ளிக்கூடத்தில், மைதானம் தண்ணீராகிவிட்ட நாட்களில்,
நாற்பது பெண்களை நடைகூடத்தில் நிறுத்தி
செய்யச் சொன்னார்கள்.
ஆகவே நடைகூடம்.
இதைச் சொன்னபோது ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டு
பேச்சை மாற்றினார்கள்.

கார்த்திகைக் கடல்போல் இருந்தது அந்த நவம்பர் இரவு.
கப்பல் விலாப்பக்கமாகச் சாய்ந்த சாய்வில்
கொப்பரை கொக்கியை உதறிவிட்டது.
பன்றியெலும்பும் கொம்புவும் ஆறு மணிநேரம் வெந்த சாறு
தரையோடு தரையாக என்னை நோக்கி வந்தது.
யோசித்தேன் என்று சொன்னால் பொய்.
இடது பாதம் உள்வாக்கில் முழங்கால்வரை எழுந்தது.
அடியில் ஓடிக் கதவில் முட்டித்
திரும்பி வந்தது சாறு.
இடது இறங்கியது; வலது எழுந்தது.

அந்த அசைவுக்குப் பெயரே 'திரும்பும் அலை'.
தொடையிடுக்கைக் காக்க என்பார்கள்,
எதிராளியின் முழங்காலை உள்ளிருந்து உடைக்க என்பார்கள்,
காலை வாருகிறவனை ஏமாற்ற என்பார்கள்.
இருக்கட்டும்.
இருபது வருடத்தில் முதல்முறையாக
என்மேல் ஒருவர் பாய்ந்தது அன்றைக்குத்தான்;
அது சூப்பு.

வாசலில் செசோகோ வாயைப் பிளந்து நின்றார்.
"பார்த்தாயா, நான் சொன்னேனே, கப்பல்!"
துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தேன்.

விடியுமுன் மிச்சப் பாதியையும் செய்தேன்,
வலத்துக்குச் செய்ததெல்லாம் இடத்துக்கு.
தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும், அதுதான் விதி.
முடிந்தது. அதே ஓடு, அதே எண்ணெய்க் கறை.
வட்டச் சன்னலில் பார்த்தால்
தொடங்கிய இடம் எங்கோ பின்னால்,
ஒரு விளக்குக்கூடத் தெரியவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குச் சூப்பு இல்லை என்று
பலகையில் எழுத வேண்டும்.